மாநாட்டுக்குப் போகிற பிள்ளைக்கு டிக்கெட் பணம்

நேயர்களுக்கு வணக்கம்.

லேசர் ஒளியைப் பற்றி எளிமையாகப் பேசுங்கள் என்று நிலையத்தில் கேட்டுக்கொண்டார்கள். பேசுகிறேன். ஆனால் எனக்குக் கிடைத்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் டிக்கெட் செலவு பற்றித்தான் பேசப்போகிறேன். ரயில் டிக்கெட், விமான டிக்கெட், விசாக் கட்டணம், மாநாட்டுப் பதிவுக் கட்டணம். லேசருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். போகப் போகச் சொல்கிறேன்.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து ஆராய்ச்சி செய்கிற நம் பிள்ளைகள், உலக அளவில் நடக்கும் இயற்பியல் மாநாடுகளுக்குப் போய்வர வேண்டும். அதற்கான பணம் அவர்கள் கைக்குக் கிளம்புவதற்கு முன்பே வர வேண்டும். வேலையில் இருந்த காலத்தில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

மாநாடுகள் எத்தனையோ இருக்கின்றன. என் மாணவர்கள் வேலை செய்தது, மிகத் தீவிரமான லேசர் ஒளி ஒரு பொருளின் மேல் பட்டால் என்ன ஆகும் என்று பார்க்கிற துறையில். அதனால் அந்தத் துறையின் மாநாட்டையே எடுத்துக்கொள்கிறேன்.

லேசர் உங்களுக்குப் புதிதில்லை. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும்போது சிவப்புக் கோடு ஒன்று பாக்கெட்டின் மேல் ஓடுகிறதே, அது லேசர்தான். அமெரிக்காவில் தியோடர் மைமன் என்பவர் செயற்கை மாணிக்கக் கல் ஒன்றைக் கொண்டு முதல் லேசரை இயக்கியது 1960 மே 16 அன்று. நான் சொல்ல வந்த லேசர் இதே குடும்பம்தான், ஆனால் அளவு வேறு. பெட்டாவாட் என்று ஒரு அளவு உண்டு. ஒன்றுக்குப் பின்னால் 15 பூஜ்ஜியம் போட்டால் வருகிற அத்தனை வாட். இந்தியாவில் இருக்கிற எல்லா மின் நிலையங்களும், நம் நெய்வேலியும் கூடங்குளமும் சேர்த்து, முழுத் திறனில் ஓடினால் எவ்வளவோ, அதைப்போலச் சுமார் 2000 மடங்கு.

அவ்வளவு திறனை ஒரு லேசர் எப்படிக் கொடுக்கும்? கொடுக்கும், ஆனால் மிக மிகக் குறைந்த நேரத்துக்கு. 30 ஃபெம்டோ நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடிப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் ஃபெம்டோ நொடி. நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிற ஒளிகூட 30 ஃபெம்டோ நொடியில் ஒரு தலைமுடியின் தடிமனைத் தாண்டாது. அந்த நேரத்துக்குள் ஒரு பெட்டாவாட் லேசர் கொடுக்கிற மொத்த ஆற்றல் 30 ஜூல். உங்கள் வீட்டில் 9 வாட் எல்.இ.டி. பல்பு மூன்று நொடி எரிந்தால் ஆகிற செலவு ஏறக்குறைய அவ்வளவுதான். திரும்பவும் சொல்லிவிடுகிறேன், ரேடியோவில் படம் போட்டுக் காட்ட முடியாதில்லையா: ஆற்றல் கொஞ்சம்தான், நேரம் அதைவிடக் கொஞ்சம், அதனால்தான் திறன் அத்தனை பெரிதாகிறது.

அந்த ஒளியைக் குழி ஆடியால் தலைமுடியைவிடச் சிறிய புள்ளியில் குவித்தால், அங்கே இருக்கிற பொருள் பொருளாக நிற்பதில்லை. அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு வருகின்றன. பிய்ந்த எலக்ட்ரான்களும் எலக்ட்ரானை இழந்த அணுக்களும் கலந்து கிடக்கிற நிலை, அதாவது பிளாஸ்மா, உண்டாகிறது. எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் ஓடுகின்றன. மெல்லிய உலோகத் தகட்டை வைத்துச் சுட்டால் பின்பக்கத்திலிருந்து புரோட்டான்கள் சீறி வருகின்றன. நட்சத்திரங்களின் உள்ளே இருக்கிற நிலையை ஒரு அறைக்குள் உண்டாக்கிப் பார்க்கலாம். எலக்ட்ரான் போன்ற துகள்களை வேகமாக ஓட வைக்கிற முடுக்கிகளைச் சின்னதாக்கலாம் என்று தஜிமா, டாசன் என்ற இருவர் 1979-ல் எழுதினார்கள். 2019-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்தில், வழக்கமான முடுக்கியில் சில நூறு மீட்டர் ஓடினால் எலக்ட்ரானுக்குக் கிடைக்கிற ஆற்றலை 20 சென்டிமீட்டருக்குள் கொடுத்துக் காட்டினார்கள். நாளைக்கு ஆஸ்பத்திரிகளில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கிற கருவிகளும் சின்னதாகலாம் என்ற நம்பிக்கையோடு பலர் வேலை செய்கிறார்கள்.

இந்த லேசர்கள் எல்லாம் எப்படி வந்தன? ஒரு காலத்தில் பெரிய தடை இருந்தது. குறுகிய ஒளித் துடிப்பைப் பெருக்கப்போனால், பெருக்குகிற படிகமே வெடித்துப் பாழாகும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று வைகைக் கரையில் நிற்கிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் நீர்மோர்ப் பந்தலுக்குள் புகுந்தால் பந்தல் சாய்ந்துவிடும். நீள வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருவருக்கும் மோர் கொடுத்து அனுப்பி, அந்தப் பக்கம் மறுபடி ஒரே கூட்டமாகச் சேர்த்துவிட்டால் பந்தலும் பிழைக்கும், எல்லோருக்கும் தெம்பும் வரும். ஒளிக்கும் இதையே செய்தார்கள். துடிப்பை முதலில் நேரத்தில் நீட்டினார்கள், நீட்டியதைப் பெருக்கினார்கள், பெருக்கியதை மறுபடி குறுக்கினார்கள். நீட்டுவதற்கு அவர்கள் பயன்படுத்தியது 1.4 கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடி இழை. 1985-ல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இதைச் செய்தவர்கள் ஜெரார் மூரூ என்ற பேராசிரியரும், அவருடைய மாணவி டோனா ஸ்ட்ரிக்லண்டும். 2018-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

இதில் ஒன்றை நேயர்கள் கவனிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்தபோது ஸ்ட்ரிக்லண்ட் முனைவர் பட்டம்கூட வாங்கவில்லை. அவர் எழுதிய முதல் அறிவியல் கட்டுரையே அதுதான். முதல் கட்டுரைக்கு நோபல் பரிசு. இன்று தீவிர லேசர் மாநாட்டில் மேடையேறுகிறவர்கள் எல்லோரும் அந்த மாணவி செய்ததின் மேல் நின்றுதான் பேசுகிறார்கள். மாநாட்டுக்குப் பேராசிரியர் போனால் போதாதா, மாணவி எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் பதில் இது.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன், கண் மருத்துவத்துக்குப் பெயர்போன மதுரையில் இதைச் சொல்லாமல் போனால் சரியாக இருக்காது. கண்ணாடியைக் கழற்றுவதற்கு லேசர் சிகிச்சை செய்கிறார்கள் அல்லவா? அதில் கருவிழியின் மேல் மெல்லிய படலத்தைப் பிரிப்பதற்கு ஃபெம்டோ நொடி லேசரைப் பயன்படுத்துகிறார்கள். அது தொடங்கியது 1990-களில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், ஒரு விபத்தில். லேசர் ஆய்வகத்தில் ஒரு மாணவரின் கண்ணில் ஒளி தவறிப் பட்டுவிட்டது. அவரைப் பரிசோதித்த இளம் கண் மருத்துவர், காயம் இத்தனை சின்னதாக, சுற்றிலும் பொசுங்காமல் இருக்கிறதே, இது எந்த லேசர் என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் அந்த ஆய்வகத்தாரைத் தேடிப் போனார். கண்ணைத் தெரிந்தவரும் லேசரைத் தெரிந்தவர்களும் உட்கார்ந்து பேசியதில்தான் அந்தச் சிகிச்சை பிறந்தது. ஒருவர் இன்னொருவரை நேரில் பார்த்து, இது என்ன என்று கேட்டது. மாநாடு என்பதே அந்தக் கேள்விக்கு இடம் ஏற்படுத்திக் கொடுப்பதுதான்.

சரி, இந்தப் பெரிய லேசர்கள் எங்கே இருக்கின்றன? நம் நாட்டில் இந்தூரில் இருக்கிறது, மும்பையில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறது, அதே நிறுவனத்தின் ஹைதராபாத் வளாகத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் செக் குடியரசு, ஹங்கேரி, ருமேனியா மூன்று நாடுகளிலும் ஒரே திட்டத்தின் கீழ் கட்டியிருக்கிறார்கள். ருமேனியாவில் இருப்பது 10 பெட்டாவாட். மதுரையில் இல்லை. நம் கல்லூரிகளில் இருக்கப் போவதும் இல்லை, அதன் விலை அப்படி. நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்றால், கணினியில் கணக்குப் போடுகிறார்கள். இப்படி ஒரு துடிப்பு, இப்படி ஒரு தகட்டில் பட்டால், எத்தனை எலக்ட்ரான் எந்தப் பக்கம் போகும் என்று கணக்கு. நல்ல மூளையும் ஓரளவு நல்ல கணினியும் இருந்தால் இதை மதுரையில் உட்கார்ந்தே செய்யலாம். உலகத் தரத்தில் செய்யலாம். ஆனால் லேசரையே கண்ணால் பார்க்காமல் செய்ய வேண்டியிருக்கிறது.

என் மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். அப்பா மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழிப் படிப்பு. மிக மெல்லிய அலுமினியத் தகட்டில் லேசர் பட்டால் பின்பக்கம் புரோட்டான்கள் எந்த ஆற்றலில் வரும் என்பது அவள் எடுத்துக்கொண்ட கணக்கு. விடைகள் அழகாக வந்தன. ஆனால் வெளிநாட்டு ஆய்வகங்கள் அளந்து வெளியிட்ட எண்களோடு அவை ஒத்துப்போகவே இல்லை. நிரலைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். நானும் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை.

ஐரோப்பாவில் நடந்த மாநாட்டில் அவளுக்குப் போஸ்டர் வைக்க இடம் கிடைத்தது. போஸ்டர் என்றால் நம் ஊர்ச் சுவரில் ஒட்டுகிற போஸ்டர் இல்லை. செய்த வேலையை ஒரு பெரிய தாளில் படமும் எழுத்துமாக அச்சடித்துப் பலகையில் மாட்டி, அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். வருகிறவர்கள் கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும். மேடைப் பேச்சைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். மேடையில் பேசுகிறவருக்குக் கேள்வி கேட்கச் சில நிமிடம்தான் கிடைக்கும். போஸ்டர் முன்னால் ஒருவர் நின்றுவிட்டால் நேரம் போவதே தெரியாது.

அவள் போஸ்டருக்கு முன்னால் ஒரு பரிசோதனையாளர் வந்து நின்றார். படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: உன் கணக்கில் துடிப்பு வருவதற்கு முன்னால் தகடு எப்படி இருக்கிறது? அவள், புதிதாக, சுத்தமாக, தட்டையாக இருக்கிறது என்று சொன்னாள். அவர் சொன்னார், எங்கள் ஆய்வகத்தில் அப்படி இருப்பதே இல்லை. பெரிய துடிப்புக்கு முன்னாலேயே கொஞ்சம் ஒளி கசிந்து வந்துவிடும். உச்சத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கசிந்தால்கூட, உச்சம் இவ்வளவு பெரிதாக இருப்பதால், அந்தக் கசிவே தகட்டின் முகத்தைப் பிளாஸ்மாவாக்கப் போதும். அதனால் முக்கியத் துடிப்பு வந்து சேரும்போது அங்கே தட்டையான உலோகம் இருக்காது, ஏற்கெனவே பொங்கிப் பரவிய பிளாஸ்மாதான் இருக்கும்.

இந்த விஷயம் கட்டுரைகளில் இல்லாமல் இல்லை. இருக்கிறது. ஆனால் எந்த ஆய்வகத்தில், எந்தக் கருவியில், அந்தக் கசிவு எவ்வளவு, எத்தனை நேரம் முன்னால் வருகிறது என்பதெல்லாம் அங்கே வேலை செய்கிறவர் வாயிலிருந்துதான் வரும். அவர் தன் ஆய்வகத்தில் அளந்த அளவுகளை ஊருக்குப் போய் அனுப்பிவைத்தார். அவள் கணக்கின் தொடக்க நிலையை மாற்றிப் போட்டாள். எண்கள் அளவீடுகளை நெருங்கி வந்தன. அந்தக் கட்டுரையில் அவருடைய பெயரும் அவள் பெயரும் சேர்ந்து வந்தது. இந்த ஒரு கேள்வி மதுரைக்கு நடந்து வராது, நாம்தான் அது இருக்கிற இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டும்.

இப்படி ஒரு சந்திப்பு என்ன செய்யும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. வகுப்பில் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் இதைச் சொல்வேன், இன்றைக்கும் சொல்கிறேன். 1928. சென்னை மாநிலக் கல்லூரி. சந்திரசேகர் என்று ஒரு மாணவர், பதினெட்டு வயது. பின்னால் நோபல் பரிசு வாங்கிய சுப்பிரமணியன் சந்திரசேகர்தான். அப்போது ஜெர்மனியிலிருந்து அர்னால்டு சோமர்ஃபெல்ட் என்ற பெரிய இயற்பியலாளர் இந்தியாவுக்கு வந்திருந்தார். கல்லூரியில் சொற்பொழிவு ஆற்றினார். அவர் எழுதிய அணு இயற்பியல் நூலைச் சந்திரசேகர் தானாகவே படித்து முடித்திருந்தார். யாரும் அனுப்பவில்லை, யாரும் சிபாரிசு செய்யவில்லை, மறுநாள் சோமர்ஃபெல்ட் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ப் பார்த்தார். உங்கள் புத்தகத்தைப் படித்திருக்கிறேன் என்றார். பெரியவர் என்ன சொன்னார் தெரியுமா? நீ படித்தது எல்லாம் பழையதாகிவிட்டது, ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர், டிராக் எல்லோரும் சேர்ந்து இயற்பியலையே மாற்றிவிட்டார்கள் என்றார்.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கஷ்டப்பட்டுப் படித்த பாடம் காலாவதியாகிவிட்டது என்று எழுதியவரே சொல்கிறார். பதினெட்டு வயதுப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் சோமர்ஃபெல்ட் அதோடு விடவில்லை. உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று, எலக்ட்ரான் கூட்டத்தைக் கணக்கிடும் புதிய குவாண்டம் முறையான புதிய புள்ளியியலை வைத்துத் தான் எழுதியிருந்த, இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப்படிகளை அவர் கையில் கொடுத்தார். சந்திரசேகர் அதைப் படித்தார். படித்ததை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபவுலருக்கு அனுப்பினார். 1929-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அது வந்தது. மறுவருஷம், 1930-ல், உதவித்தொகை கிடைத்து அதே ஃபவுலரிடம் படிக்கக் கப்பல் ஏறினார். அந்தக் கப்பலில் உட்கார்ந்து, அதே புதிய புள்ளியியலைக் கொண்டு, இறந்துபோகும் நட்சத்திரங்களுக்கு எடையில் ஒரு எல்லை உண்டு என்று கணக்குப் போட்டார். 1983-ல் நோபல் பரிசு. எல்லாவற்றுக்கும் முன்னால் இருப்பது ஒரு ஓட்டல் அறையில் நடந்த பேச்சு.

சந்திரசேகர் மேதை, எப்படியும் வந்திருப்பார் என்று சிலர் சொல்கிறார்கள். வந்திருக்கலாம். ஆனால் எத்தனை வருஷம் கழித்து? சென்னையில் அன்று புதிய குவாண்டம் இயற்பியலை உடனே அவருக்குச் சொல்லித்தர யார் இருந்தார்கள்? சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார், அது நம் அதிர்ஷ்டம். இன்றைக்குத் தீவிர லேசர் துறையின் சோமர்ஃபெல்டுகள் மேலூருக்கு வரப்போவதில்லை. நம் பிள்ளை போக வேண்டும். போக டிக்கெட் வேண்டும்.

மதுரைக்காரர்கள் இன்னொருவரையும் மறக்கக் கூடாது. வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். இதோ, நம் அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். இங்கிருந்து சென்னைக்கும் பிறகு கல்கத்தாவுக்கும் போய் சி.வி. ராமனோடு சேர்ந்தார். ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அதில் கொஞ்சம் நிறம் மாறி வருகிறது, அதுதான் ராமன் விளைவு. அது 1928-ல் உலகத்துக்குத் தெரிந்ததில், நேச்சர் இதழில் வந்த முதல் அறிவிப்பில் ராமனோடு கிருஷ்ணன் பெயரும் இருக்கிறது. அன்று அவர்கள் சூரிய ஒளியை வடிகட்டிப் பார்த்த அதே சிதறலின் இன்னொரு வடிவம், இன்று தீவிர லேசர் பிளாஸ்மாவுக்குள் போகும்போது பெரிய தலைவலியாகவும் சில சமயம் பெரிய உதவியாகவும் வந்து நிற்கிறது. என் மாணவி மாநாட்டிலிருந்து போன் செய்து, மேடம், இங்கே எல்லாரும் ராமன் ராமன் என்றுதான் பேசுகிறார்கள் என்றாள். கிருஷ்ணன் பெயரையும் சொல்லிவிட்டு வா என்றேன்.

தனிமை என்ன செய்யும் என்பதை அனுபவித்தவர் பாகிஸ்தானின் இயற்பியலாளர் அப்துஸ் சலாம். 1951-ல் கேம்பிரிட்ஜிலிருந்து லாகூருக்குத் திரும்பிப் போனார். அங்கே தன் துறையில் பேச ஆள் இல்லை. ஊரில் இருப்பதா, இயற்பியலில் இருப்பதா என்று ஆகி, 1954-ல் மறுபடி கிளம்பிவிட்டார். அந்த வலியிலிருந்துதான் 1964-ல் இத்தாலியின் திரியெஸ்த் நகரில் ஒரு சர்வதேச இயற்பியல் மையத்தை உண்டாக்கினார். ஏழை நாட்டு இயற்பியலாளர் ஊரை விட்டு ஒரேயடியாகப் போக வேண்டாம், அவ்வப்போது வந்து பேசிவிட்டுத் திரும்பலாம் என்பதற்காக. அங்கே ஒளியியலுக்கென்றே குளிர்காலப் பயிலரங்கு நடக்கிறது. பதிவுக் கட்டணம் கிடையாது, தேவைப்படுகிறவர்களில் சிலருக்குப் பயணச் செலவும் தருகிறார்கள். மாணவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். உதவியே இல்லை என்று நான் சொல்லவில்லை. மாநாடு நடத்துகிறவர்களே மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணத்தைக் குறைக்கிறார்கள், சிலருக்குத் தள்ளுபடியும் செய்கிறார்கள், இருவர் தங்கும் அறை கொடுக்கிறார்கள். நம் ஒன்றிய அரசிலும் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகும் இளம் ஆய்வாளர்களுக்கு உதவும் திட்டங்கள் உண்டு. சிக்கல் எங்கே என்றால், பெரும்பாலும் அந்தப் பணம் போய்வந்த பிறகு வருகிறது. முதலில் நீ செலவு செய், பில் கொண்டு வா, போர்டிங் பாஸை ஒட்டிக் கொடு, பிறகு தருகிறோம். மாதச் சம்பளக்காரருக்கு இது தொந்தரவு மட்டும்தான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவரின் மகளுக்கு இது மூடிய கதவு.

அந்த மாணவிக்கு நடந்ததையே சொல்கிறேன். கட்டணம் தள்ளுபடி ஆகிவிட்டது. அறை கிடைத்துவிட்டது. விமான டிக்கெட்டுக்கு ஒரு அலுவலகம் ஒப்புதல் கடிதமும் கொடுத்துவிட்டது. ஆனால் டிக்கெட் எடுக்க வேண்டிய அன்று கையில் பணம் இல்லை. அவள் அம்மா என்னைப் பார்க்க வந்து, "டீச்சரம்மா, இம்புட்டு ரூவாயா, அதுவும் அவங்க தருவாங்களாமே, பெறகு நாம எதுக்குக் கட்டணும்" என்று கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. அவர் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. விசாவுக்காக அவளும் அப்பாவும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய்வந்தார்கள், அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் வராது. அலுவலகத்துப் பணம் வந்து சங்கிலியை மீட்டபோது அடுத்த சித்திரையும் தாண்டிவிட்டது. அடகு வட்டியை யாரும் தரவில்லை, அதை எழுத விண்ணப்பத்தில் இடமும் இல்லை.

அவள் போனாள், ஏனென்றால் அந்த அம்மாவிடம் சங்கிலி இருந்தது. சங்கிலி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் வாய்ப்புக் கடிதத்தைப் பைலில் வைத்துவிட்டு, மேடம், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்ட பிறகுதான் நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு சுழல் நிதி தொடங்கினோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். வாய்ப்புக் கடிதமும் ஒப்புதல் கடிதமும் இருக்கிற மாணவருக்கு வட்டியில்லாமல் முன்பணம். அலுவலகத்துப் பணம் வந்ததும் அவர் திருப்பிக் கட்டுவார், அது அடுத்தவருக்குப் போகும். பெரிய பணம் தேவையில்லை, அதே பணம் சுற்றிச் சுற்றி வரும். பிள்ளைகள் ஒழுங்காகத் திருப்பிக் கட்டுகிறார்கள். வேலைக்குப் போன பிறகு மேலே கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கிறவர்களும் உண்டு. இதையே ஒவ்வொரு கல்லூரியும் செய்யலாம். நான் கேட்பதெல்லாம் இதுதான்: தருகிற பணத்தை முன்னால் தாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பெண் பிள்ளையைத் தனியாக எப்படி அனுப்புவது, கூட யார் போகிறார்கள் என்று கேட்கிறீர்கள். கேட்கத்தான் வேண்டும். எங்கே தங்குகிறாள், யாரோடு தங்குகிறாள், விமான நிலையத்துக்கு யார் வருவார்கள் என்று மாநாட்டாருக்கே எழுதிக் கேளுங்கள், பதில் எழுதுவார்கள். நோபல் வாங்கிய ஸ்ட்ரிக்லண்டைச் சொன்னேன். 2023-லும் இதே துறைக்கு நோபல் கிடைத்தது, அதில் ஒருவர் ஆன் லூலியே. தீவிர லேசரை வாயுவுக்குள் செலுத்தி 1987-ல் அவர் கண்டதுதான் இன்று ஃபெம்டோ நொடியிலும் ஆயிரத்தில் ஒரு பங்கான அட்டோ நொடித் துடிப்புகளுக்கு வழிவிட்டது. இந்தத் துறையில் பெண்கள் ஓரமாக நிற்கவில்லை, உங்கள் மகளுக்கும் அங்கே இடம் இருக்கிறது.

அப்புறம் ஆங்கிலம். தமிழ் வழியில் படித்தோமே, அங்கே போய் எப்படிப் பேசுவது என்ற பயம். அந்த மாநாடுகளில் ஜப்பானியர், கொரியர், இத்தாலியர், ரஷ்யர் என்று பாதிப் பேர் ஆங்கிலத்தைப் பிற்பாடு கற்றவர்கள்தான். யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை. உன் வரைபடத்தில் இந்த வளைவு ஏன் இப்படி இறங்குகிறது என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் தெரிந்தால் வார்த்தை தானாக வரும். போவதற்கு முன்னால், அங்கே வரப்போகிற இரண்டு மூன்று பேருடைய கட்டுரைகளை நன்றாகப் படித்துவிட்டுப் போங்கள். தேநீர் இடைவேளையில் நம் ஊர்க்காரர்களோடு மட்டும் நிற்காதீர்கள். ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் போய்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு நிமிடம்தான் என்று சைகை காட்டுகிறார்கள். நன்கொடை தரக்கூடியவர்களுக்கு விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மாணவர்களே, வாய்ப்பு வந்த பிறகு பாஸ்போர்ட்டுக்கு ஓடாதீர்கள், இப்போதே விண்ணப்பியுங்கள், அலுவலகம் மதுரையிலேயே இருக்கிறது. போஸ்டரைத் துணியில் அச்சடித்தால் மடித்துப் பைக்குள் வைத்துவிடலாம். கட்டணச் சலுகை இருக்கிறதா என்று கேட்டு எழுத வெட்கப்பட வேண்டாம், கேட்கிறவர்களுக்குத்தான் கிடைக்கிறது. வெளிநாடுதான் போக வேண்டும் என்பதும் இல்லை. 2014-ல் அதிதீவிர லேசர்களுக்கான சர்வதேச மாநாடு நம் கோவாவிலேயே நடந்தது. உள்நாட்டில் நடந்தால் ரயில் செலவுதான், ஒரு ஊரிலிருந்து நாலு பேரை அனுப்பலாம்.

ஆசிரியர்களே, சிபாரிசுக் கடிதத்தைக் கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். கடைசி நாளில் வருகிற கடிதத்தால் நல்ல விண்ணப்பம் போய்விடுகிறது.

பழைய மாணவர் சங்கங்கள், கடை வைத்திருக்கிறவர்கள், வெளிநாட்டில் வேலை பார்க்கிற நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும்: நீங்கள் படித்த கல்லூரியின் இயற்பியல் துறைக்கு ஒரு போன் செய்து, இந்த வருஷம் யாருக்காவது மாநாட்டில் இடம் கிடைத்திருக்கிறதா, டிக்கெட் எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் எடுத்துக் கொடுங்கள். நிதியை நிர்வகிப்பது எப்படி, யார் கையெழுத்துப் போடுவது என்பதெல்லாம்... நேரம் முடிந்துவிட்டது. நிலையத்துக்குக் கடிதம் எழுதுங்கள், அவர்கள் எனக்கு அனுப்பிவைப்பார்கள், எழுதியே பதில் தருகிறேன். வணக்கம்.